பென்குயின்களுக்கு வீடு விட்ட ஊர்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உங்கள் பிள்ளையோ பெண்ணோ இருக்கிறார்களா? பிரசவம் பார்க்கவோ, பேரக் குழந்தைகளைக் கொஞ்சவோ போகப் போகிறீர்களா? அப்படியானால் ஒரு சனி, ஞாயிறை ஃபிலிப் தீவுக்கென்று ஒதுக்கி வையுங்கள். அந்த நாட்டுப் பிராணிகளையும் பறவைகளையும் அவை வாழும் இடத்திலேயே, சின்னக் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பார்க்க இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது அபூர்வம்.

மெல்போர்னிலிருந்து தென்கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம். தீவு என்றதும் படகோ கப்பலோ என்று பயப்பட வேண்டாம். சான் ரீமோ என்ற ஊரிலிருந்து பாலம் இருக்கிறது. தீவின் பெரிய ஊர் கௌஸ். பெரிய ஊர் என்றால் நம்மூர்க் கணக்கில் ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான்! வடக்குக் கரையில் இருப்பதால் கடல் சாதுவாக இருக்கும். குழந்தைகள் தைரியமாகக் கால் நனைக்கலாம். தங்க விடுதிகள் நிறைய உண்டு. நாங்கள் சமையலறை உள்ள ஒன்றாகப் பார்த்து எடுத்துக்கொண்டோம். புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினால் நாள் முழுக்கச் சாப்பாட்டுக் கவலை இல்லை.

நாங்கள் போனது நவம்பர் மாதம். நான், என் பெண், மாப்பிள்ளை, ஆறு வயதுப் பேத்தி, ஒன்றரை வயதுப் பேரன்.

காலையில் முதலில் கோவாலா காப்பகம். மர உச்சிக்குச் சமமாகப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டே போகலாம். யூகலிப்டஸ் கிளையின் கவட்டையில் சாம்பல் நிறப் பஞ்சு மூட்டை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதுதான் கோவாலா! பலர் கரடி என்கிறார்கள். கரடி இனமே இல்லை. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் பிராணி. ஆறு மாதம் பையில், பிறகு அம்மா முதுகில் சவாரி. யூகலிப்டஸ் இலை குட்டிக்குச் செரிக்காது என்பதால், பழக்கப்படுத்துவதற்காகத் தாய் தன் குடலிலிருந்து கூழ் போன்ற ஒன்றைத் தருகிறதாம். "நம்ம வீட்டுல ராகிக் கூழ் மாதிரிம்மா" என்று சிரித்தாள் என் பெண். இந்தத் தீவுக்குக் கோவாலாக்களை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். தொடவோ தூக்கவோ அனுமதி கிடையாது.

பிற்பகலில் தீவின் மேற்கு முனையான நாபிஸ். பாறை, கடல், காற்று. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகாமல் நிற்க முடியாது! கரைக்கு அப்பால் தெரியும் சீல் பாறைகளில் ரோமச் சீல்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. குட்டி போடும் காலம் நவம்பர், டிசம்பர். வெறும் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரியும், தூரதரிசினி அவசியம். கிட்டப் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கௌஸ் துறையிலிருந்து படகு உண்டு. புல்வெளியில் கேப் பேரன் என்ற சாம்பல் நிறப் பெரிய வாத்துகள் மேய்கின்றன. அலகின் மேல் பச்சை கலந்த மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். சாயங்காலமானால் புதரோரம் வாலபி என்னும் குட்டையான கங்காரு இனமும் எட்டிப் பார்க்கும். இருட்டுவதற்கு முன்பே இந்தச் சாலையை மூடிவிடுகிறார்கள். ஏன் தெரியுமா? பென்குயின்கள் வீடு திரும்பும் வழி அது!

தீவின் தெற்குக் கரையில் சம்மர்லேண்ட் கடற்கரை. சூரியன் மறைந்து சற்று நேரத்தில், உலகிலேயே மிகச் சிறிய பென்குயின்கள் கடலிலிருந்து கரையேறும். உயரம் சுமார் 33 சென்டிமீட்டர். எடை ஒரு கிலோ. நம் வீட்டு ஒரு லிட்டர் பால் பாக்கெட் கனம்தான்! முதலில் நாலைந்து தலை நீட்டின. ஒரு அலை வந்ததும் பயந்து மறுபடி தண்ணீருக்குள் ஓட்டம். மீண்டும் கூட்டம் சேர்ந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தத்தக்கா பித்தக்கா என்று மணலைக் கடந்தன. "பாட்டி, வந்திடுச்சு, வந்திடுச்சு!" என்று காதில் கிசுகிசுத்தாள் பேத்தி. சத்தம் போடக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதர்களுக்குள் வளைக்கு வளை குஞ்சுகள் கத்துகின்றன. அப்பாவும் அம்மாவும் முறை போட்டுக்கொண்டு, ஒருவர் காவல் இருக்க ஒருவர் கடலுக்குப் போய், வயிற்றில் மீனைச் சுமந்து வந்து ஊட்டுகிறார்கள்.

அந்தப் புதர்க்காடு இருக்கும் இடத்தில் முன்பு தெருக்கள் இருந்தன. ஆமாம், மனிதர்கள் குடியிருந்த தெருக்கள்! சம்மர்லேண்ட் குடியிருப்பு என்று பெயர். வீடு பெருகப் பெருகப் பென்குயின் குறைந்தது. காரில் அடிபட்டது, நாயும் நரியும் கடித்தது, வளை தோண்ட இடமில்லாமல் போனது. இப்படியே விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று கண்ட விக்டோரியா மாநில அரசு, 1985-ல் அங்கிருந்த வீடுகளையும் மனைகளையும் விலைக்கு வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தது. முடிய 25 வருஷம் ஆயிற்று. 2010-ல் கடைசி மனையும் வந்து சேர்ந்தது. வீடுகளை அகற்றிச் செடி நட்டார்கள். பென்குயின்களுக்கு மரப்பெட்டிக் கூடுகள் வைத்தார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு மனசு ஒரு பக்கமாக நிற்கவில்லை. சீட்டுக் கட்டி, நகையை அடகு வைத்து, ஒவ்வொரு செங்கல்லாக வீடு கட்டியவள் நான். எந்த அம்மாளோ ஆசையாக அடுப்பங்கரை ஜன்னலுக்குத் திரை தைத்திருப்பாள். முற்றத்தில் ரோஜா வைத்திருப்பாள். பணம் கொடுத்தாலும் வீட்டை விட்டு எழுந்திருப்பது லேசா? ஆனால் எழுந்தவர்களுக்கு வேறு ஊரில் வேறு வீடு கிடைத்தது. பென்குயினுக்கு இந்தக் கரையை விட்டால் போக்கிடம் ஏது? தீவின் மற்ற இடங்களில் இருந்த கூட்டங்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன. இன்று இந்த ஒரு கூட்டத்தில் மட்டும் சுமார் 40,000 பென்குயின்கள்!

விட்டுக்கொடுப்பது அதோடு நிற்கவில்லை. தீவில் நரியே இல்லை என்று 2017-ல் அறிவித்தார்கள். அதே வருஷம் அழியும் நிலையிலிருந்த பேண்டிகூட் என்ற சின்னப் பிராணியையும் கொண்டுவந்து விட்டார்கள். பெயரைக் கேட்டதும் நம் பெருச்சாளி ஞாபகம் வருகிறதா? பெருச்சாளியின் தெலுங்குப் பெயரான 'பந்திகொக்கு'தான் கடல் தாண்டி அங்கே போய் ஒட்டிக்கொண்டது! ஏப்ரல் கடைசியில் ஷியர்வாட்டர் பறவைக் குஞ்சுகள் முதல் முறையாக அலாஸ்கா பக்கம் பறக்கக் கிளம்பும்போது, வெளிச்சத்தில் மயங்கிச் சாலையில் விழாமலிருக்கப் பாலத்து விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள்.

நம்மைப் போன்ற பெண்களுக்கும் இதில் பங்குண்டு. 2001-ல் கடலில் எண்ணெய் கொட்டி 438 பென்குயின்கள் பாதிக்கப்பட்டன. இறகில் ஒட்டிய எண்ணெயை அலகால் கோதினால் விஷம் உள்ளே போய்விடும், குளிரும் தாங்காது. அதற்காகக் கம்பளி நூலில் குட்டி ஸ்வெட்டர் பின்னிப் போட்டுக் காப்பாற்றினார்கள். நூற்றுக்கு 96 பிழைத்தன! பின்னி அனுப்பியவர்கள் எல்லாம் வீட்டில் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தவர்கள்தானே?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

பென்குயின் பார்க்கும் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இருட்ட எட்டரை, ஒன்பது ஆகும். குழந்தைகளை மத்தியானம் தூங்க வையுங்கள். ஜூன், ஜூலையில் சீக்கிரமே இருட்டிவிடும்.

கோடையிலும் கடற்காற்று எலும்பைத் துளைக்கும். ஸ்வெட்டர், காதுக்குல்லா, போர்வை, ஃபிளாஸ்க்கில் சூடான பால் அவசியம்.

காமிராவும் செல்போன் படமும் கூடாது. வெளிச்சம் பட்டால் அவை மிரண்டு கடலுக்கே திரும்பிவிடும், குஞ்சு பட்டினி!

திரும்பும்போது காரைக் கிளப்புமுன் குனிந்து சக்கரத்தடியில் பாருங்கள். பென்குயின் ஒதுங்கியிருக்கலாம். எங்கள் காரில் அந்த வேலையைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். மெல்போர்ன் வீட்டுக்கு வந்த பிறகும், பூனை படுத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறாள்.