நந்தி மலைக்குப் பதிலா பழவேற்காடு

நந்தி மலை உச்சியில நின்னு, மேகத்துக்கு மேல சூரியன் எட்டிப் பாக்கறதைப் பாக்கணும்ங்கறது தங்கமணியோட மூணு வருஷ ஆசை. பொங்கல் லீவு வரும், பிளான் போடுவோம், ஏதாவது ஒண்ணு குறுக்க வரும். இந்த தடவை ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்லயே உயிரை விட்டுடுச்சு. வீட்டுல நிலவரம் சரியில்லைன்னு தெரிஞ்சதும், "மலை இல்லாட்டி என்ன? தண்ணிக்கு மேல சூரியன் வராதா? கூடவே நானூறு வருஷப் பழைய ஊர் ஒண்ணும் காட்டறேன்"னு வாயைக் கொடுத்தேன். அப்படித்தான் அம்பத்தூர்ல இருந்து காலங்காத்தால நாலு மணிக்கு, தூங்கி வழியற பையனை பின்சீட்டுல போட்டுக்கிட்டு, செங்குன்றம், பொன்னேரி வழியா பழவேற்காடு கிளம்பினோம்.

பொன்னேரி தாண்டினதும் பனி. வைப்பர் போட்டாத்தான் ரோடு தெரியுது. ஆறேகாலுக்கு லைட் ஹவுஸ் குப்பம் போற பாலத்துல வண்டியை ஓரங்கட்டினோம்.

ஏரின்னு சொல்றோமே தவிர இது உப்புத்தண்ணிக் காயல். இந்தியாவுல சிலிகாவுக்கு அடுத்த பெரிசு இதுதான். பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, நம்ம பங்கு தெக்கு ஓரம் மட்டும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல நீளமா ஒரு மணல் திட்டு, அதுல வடக்க போனா ஸ்ரீஹரிகோட்டா. ("ராக்கெட் தெரியுமாப்பா?" பையன் அஞ்சு தடவை கேட்டான். தெரியலை.)

முதல்ல எல்லாமே சாம்பல் கலர். தண்ணி எது, வானம் எதுன்னு கோடு இல்லை. நட்டு வச்ச கழிகள் மட்டும் வரிசையா நிக்குது. அப்புறம் சவுக்குத் தோப்புக்குப் பின்னால ஒரு சிவப்புப் புள்ளி. மெதுவாத்தான் வரும்னு நினைச்சா, தங்கமணி ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊத்தறதுக்குள்ள முழுசா மேல வந்துடுச்சு. தூரத்துல சுண்ணாம்புக் கோடு மாதிரி கிடந்தது திடீர்னு றெக்கையை விரிச்சப்பதான் பூநாரைக் கூட்டம்னே தெரிஞ்சுது. அடிப்பக்கம் அந்த ரோஸ் கலர் இருக்கே... சரி, போட்டோவுல அது எதுவுமே வரலை.

"பரவாயில்லை"ன்னாங்க தங்கமணி. எங்க வீட்டுல அதுதான் அதிகபட்ச மார்க்கு.

அந்த மார்க்கை இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்னு நினைச்சதுதான் தப்பு. பூநாரையைக் கிட்டப் போய் பாக்கணும்னு பையன் நச்சரிக்க, கரையில வலையைப் பிரிச்சுக்கிட்டிருந்த ஒரு பெரியவர்கிட்ட போனேன். அறுபது இருக்கும். முதல்ல சும்மா பேச்சுக் கொடுத்தேன். அந்தக் கழி எல்லாம் எதுக்குன்னு கேட்டதுக்கு 'பாடு' பத்தி விளக்கினார். இறால் ஓடற இடங்களைப் பிரிச்சு, எந்த நாள் எந்த இடம் யாருக்குன்னு முறை போட்டு வச்சிருக்காங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர்மாதாகுப்பம் மூணு ஊருக்கும் இந்த வழக்கம் உண்டு. நல்ல இடம் ஒருத்தருக்கே போயிடாது, சுத்தி வரும். "இன்னிக்கு எங்க பாடு இல்ல சார், அதான் வலையோட குந்திக்கினு கீறேன்." முகத்துவாரம் மணல் மூடிக்கிட்டா கடல்தண்ணி உள்ள வராது, இறாலும் வராது, அப்ப யார் பாடும் பாடுதான்னு சிரிச்சார்.

சிரிக்கறாரே, இதுதான் சமயம்னு நான் ஆரம்பிச்சேன். "அண்ணே, சும்மா ஒரு ரவுண்டு. அந்தப் பறவை வரைக்கும்."

"டூரிஸ்ட்ட ஏத்தக் கூடாது சார்."

தடை போட்டது எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். இந்த நேரத்துல யார் பாக்கப் போறாங்கன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு ஐநூறு ரூபாயை எடுத்து நீட்டினேன்.

அவர் பணத்தைப் பாக்கலை. என் பையனைப் பாத்தார். "நீச்ச தெரியுமா?"ன்னு அவனைக் கேட்டார். அவன் இல்லைன்னு தலையாட்டினான். என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது.

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு சார். நானும் போனேன், தூக்கறதுக்கு. இந்த சைஸ்ல ஒண்ணு." கையால பையனோட தோள் உயரத்தைக் காட்டினார். அவ்வளவுதான் சொன்னார். திரும்ப வலையைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டார்.

2011 டிசம்பர் 25. இங்க சுத்திப் பாக்க வந்தவங்க போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப் போனாங்க. யாருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அன்னிக்கு டிவியில பாத்து உச்சுக் கொட்டினவன்தான் நானும். அந்த ரெண்டு நோட்டைத் திரும்ப பாக்கெட்ல வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியலை. தங்கமணி ஒண்ணுமே சொல்லலை. திட்டியிருந்தா தேவலை.

அப்புறம் ஊருக்குள்ள டச்சுக் கல்லறைக்குப் போனோம். போர்ச்சுகீசியர் பின்னாலயே வந்த டச்சுக்காரங்க 1613ல கெல்டிரியான்னு ஒரு கோட்டை கட்டினாங்க. 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்கு இதுதான் தலைமையிடம், அப்புறம்தான் நாகப்பட்டினத்துக்கு மாத்தினாங்க. இங்க இருந்து போன துணிதான் கிழக்குத் தீவுகள்ல ஜாதிக்காய், கிராம்பா மாறிச்சு. மலேசியாவுல இன்னிக்கும் கைலிக்கு 'காயின் பெலிகாட்'னு பேரு, அந்த பெலிகாட் நம்ம புலிகாட்தான். கோட்டை இருந்த இடத்துல இப்ப முள்ளுப் புதரும் அகழியும்தான். கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பூட்டுப் போட்டுப் பாத்துக்குது. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கின கல். பையன் அதோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். உள்ள கல்லு எல்லாம் அபார வேலைப்பாடு: கேடயம், பூங்கொடி, எழுத்துன்னு அவ்வளவு அழுத்தமா வெட்டியிருக்காங்க.

வேற நாளா இருந்தா மணிக்கணக்குல நின்னிருப்பேன். அன்னிக்கு முடியலை. இதே கரையில இருந்து பஞ்ச காலத்துல ஆளுங்களை அடிமையா வாங்கி, கப்பல்ல பத்தாவியாவுக்கு (இப்ப ஜகார்த்தா) அனுப்பினவங்களும் இதே கம்பெனிக்காரங்கதான். ஏத்திவிட்டவங்களுக்குக் கல்லு இருக்கு, பேரு இருக்கு, தேதி இருக்கு. ஏறினவங்களுக்கு இந்த ஊர்ல நான் பாத்த வரைக்கும் ஒண்ணும் இல்லை. காசைக் காட்டி ஆளைப் படகுல ஏத்தற வேலையை அரைமணி நேரத்துக்கு முன்னாடி நானே செஞ்சு பாத்துட்டு வந்திருக்கேன்ங்கறது வேற உறுத்திக்கிட்டே இருந்துது.

திரும்பறப்ப ஏரிக்கரை மார்க்கெட்டுல ஒரு அம்மாகிட்ட ஒரு கிலோ இறால் வாங்கினோம். பேரம் பேசலை. தங்கமணி ஆச்சரியமா திரும்பிப் பாத்தாங்க. பொன்னேரி வர்றதுக்குள்ள ஐஸ் உருகி, பை ஓட்டையாகி, கார் முழுக்க நாத்தம்.

திங்கக்கிழமை ஆபீஸ் போறதுக்கு முன்னாடி பையனை நீச்சல் கிளாஸ்ல சேர்த்துட்டுத்தான் போனேன். பெரியவங்களுக்கும் ஒரு பேட்ச் இருக்காம், காலையில அஞ்சரை மணிக்கு.