கொள்ளிடக் கரையின் எழுத்தும் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடமும்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் இயேசு சபைக் குருவான வீரமாமுனிவரைப் பற்றிய ஒரு கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை. அரியலூர் மழவராயருக்கு ராஜபிளவை வந்தது, வைத்தியர்கள் கைவிட்டார்கள், முனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு மண்ணைக் குழைத்துப் பூசினார், கட்டி ஆறியது என்பது ஊர் வழக்கு. மழவராயர் வம்சம் கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தி 1763ஆம் ஆண்டுக் கல்வெட்டாக இருக்கிறது. திருமழபாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வைத்தியநாத சுவாமியைத் தரிசித்துவிட்டு, கொள்ளிடத்தில் கால் நனைத்துக்கொண்டு, வந்த வழியே போய்விடுகிறார்கள். அதே வடகரை வட்டாரத்தில் உள்ள ஏலாக்குறிச்சியையும் அவர்கள் பார்க்க வேண்டும். திருக்காவலூர் என்று அவ்வூருக்குப் பெயர் சூட்டியவர் முனிவர்தான்.

நோய் தீர்த்த கதையைவிட என்னை அதிகம் ஈர்ப்பது அவர் எழுத்தில் செய்த வேலை. அந்தக் காலத்து ஓலைச்சுவடியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவம் ஒன்றே. குறிலென்றால் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் அதை விட்டுவிடுவார்கள். எரியா ஏரியா, கொடுவா கோடுவா என்பதைப் படிப்பவரே இடம் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். முன்பே பாடம் தெரிந்தவருக்குத்தான் ஏடு வழிவிடும். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் வகுத்தார். ஒற்றைக் கொம்புக்குப் பக்கத்தில் இரட்டைச் சுழிக் கொம்பு வந்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்த குழந்தை, அருகில் ஆசிரியர் இல்லாமலே ‘கேடு’ என்று சரியாகப் படித்துவிட முடியும்.

ஆனால் எந்தக் குழந்தை? தம் உதவியாளர்களான வேதியர்களுக்காக, அதாவது உபதேசிமாருக்காக, அவர் ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். அந்த வேதியர்கள் எல்லோரும் ஆண்கள். சோழ மண்டலக் கரையில் தரங்கம்பாடியிலோ லுத்தரன் குருவான சீகன்பால்கு 1707இலேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார். லுத்தரன் குருமாரோடு வீரமாமுனிவர் வாதிட்டு எழுதிய நூல்கள் பல. அந்தப் போட்டியில் கத்தோலிக்கர்கள் பெண் கல்வியையும் ஒரு பொருளாக எடுத்துக்கொண்டிருந்தால் நம் ஊர்களின் கதையே வேறாக இருந்திருக்கும். அந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேல் அது குறையாகவே கிடந்தது.

1773இல் ரோமாபுரி இயேசு சபையைக் கலைத்தது. 1776இல் பாரிஸ் மறைபரப்புச் சபையின் குருமார்கள் புதுச்சேரியில் பொறுப்பேற்றார்கள். திருமழபாடி வட்டாரம் இன்று அடங்கியிருக்கும் குடந்தை மறைமாவட்டம், 1899இல் அந்தப் புதுச்சேரியிலிருந்து பிரிந்ததுதான். ஆகவே இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண் பள்ளிக்கூடத்தின் வேரைத் தேடினால் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும்.

1827இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் பிரான்சிலிருந்து அங்கே வந்திருந்தார்கள். அவர்கள் பள்ளியில் முதலில் இடம் பெற்றவர்கள் ஐரோப்பியக் குடும்பத்துப் பெண்கள். தமிழ்ப் பெண்ணின் வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போக அவர்களுக்கு மொழியும் இல்லை, வழியும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் ஆண் பிள்ளைகளுக்கானது. பெண் படித்தால் தாசி என்று பேசுவார்களே என்ற பயம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இருந்தது. சாதியும் கோயிலுக்கு வெளியே நின்றுவிடவில்லை. தேவாலயத்துக்குள் சாதி பார்த்து எழுப்பிய தடுப்புச் சுவரால் 1745இல் எழுந்த சண்டையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1844இன் தொடக்கத்தில் ஆயர் பொன்னாந்து புதுச்சேரியில் குருமார்களைக் கூட்டி ஒரு சங்கம் நடத்தினார். உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது, பள்ளிகளைப் பெருக்குவது என்பவை அதன் முக்கியமான முடிவுகள். ஆண் பிள்ளைகளுக்கு அதே ஆண்டில் பெத்தி செமினேர் பள்ளி வந்தது. பெண் பிள்ளைகளுக்கு யார்? மிஷன் அச்சகத்தைக் கவனித்துவந்த லூயி சவினியன் துபுயி என்ற குருவானவர் இதற்கு ஒரு விடை கண்டார். தமிழ்ப் பெண்களே கன்னியராக வேண்டும், அவர்களே பள்ளி நடத்த வேண்டும் என்றார். 1844 அக்டோபர் 16 அன்று மரியாவின் மாசற்ற இருதய சபை பிறந்தது. பெண் குழந்தைகளுக்குக் கல்வி கொடுப்பதே அதன் முதல் வேலை.

அந்த நாளை உலகத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். புனாவில் பூலே தம்பதியின் பள்ளி 1848இல், கல்கத்தாவில் பெத்தூன் பள்ளி 1849இல். 800 பேருக்கு மேல் வாழும் ஊரில் பெண்களுக்குப் பள்ளி இருக்க வேண்டும் என்று பிரான்சே சட்டம் போட்டது 1850இல்தான். யாழ்ப்பாணத்துக்குத் திருக்குடும்பக் கன்னியர் வந்தது 1862இல். அவர்களும் கடல் கடந்து வந்தவர்கள். புதுச்சேரியில் சிலேட்டைக் கையில் எடுத்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு தமிழ்ப் பெண், பாதுகாக்க அண்ணன் தம்பி இல்லாமல் தெருவில் நடந்து பள்ளிக்குப் போய் டீச்சராக நின்றதை அன்றைய ஊர் எப்படிப் பார்த்திருக்கும்! அந்தத் துணிச்சலுக்குரிய மரியாதையை நாம் இன்னும் முழுதாகச் செலுத்தவில்லை. துபுயியின் பெயர் எல்லோருக்கும் தெரியும்; அந்தப் பெண்களின் பெயர்களைச் சபைக்கு வெளியே யாரும் சொல்வதில்லை.

துபுயியின் அச்சகத்தில்தான் 1850களின் தொடக்கத்தில் முனிவரின் ‘தேம்பாவணி’ அச்சேறியது. வீரமாமுனிவர் வகுத்த ஏகார ஓகார வடிவங்கள் அச்சு வழியாகத்தான் நாடெங்கும் நிலைபெற்றன. எழுத்தைத் தெளிவாக்கியவரின் காவியத்தை அச்சுக்குக் கொண்டுவந்தவரே அந்த எழுத்தைப் பெண்ணின் கையிலும் கொடுக்க வழி செய்தார். இந்த இணைப்பு எனக்குப் பெரிய மகிழ்ச்சி தருகிறது.

இந்த வரலாற்றின் சின்னங்கள் கோபுரம் போல உயர்ந்தவை அல்ல. ஓட்டுக் கூரை, மெட்ராஸ் டெரஸ், சுண்ணாம்புச் சாந்து பூசிய தூண், நீண்ட தாழ்வாரம், கிணறு, வெண்கல மணி. தமிழ்நாட்டில் பழைய கன்னியர் மடத்துப் பள்ளிகள் பலவும் இப்படித்தான் இருந்தன. இப்போது ஒவ்வொன்றாக இடித்துக் கான்கிரீட் கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பறை வேண்டும், ஒழுகாத கூரை வேண்டும். அதை மறுக்க முடியாது.

ஆனால் இடிக்கும் முன் பழையதைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கு ஒரு முன்மாதிரி திருமழபாடியிலேயே இருக்கிறது. வைத்தியநாத சுவாமி கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரில் இருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் இராஜேந்திரன் காலத்தில் அவை மறுபடி கல்லில் வெட்டப்பட்டன.

கன்னியர் மடத்துப் பள்ளிகளில் கல்வெட்டுக்கு ஈடானது சேர்க்கைப் பதிவேடு. பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், ஊர், சேர்ந்த நாள், நின்ற நாள், நின்ற காரணம் என்று கோடு போட்ட கட்டங்கள். அட்டை பிய்ந்து, ஓரம் செல்லரித்து, அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். ஒரு குடும்பத்தின் முதல் எழுத்தறிந்த பெண் எந்த வயதில் வந்தாள், எந்த வகுப்போடு நின்றாள் என்பதற்கு வேறு ஆவணம் பெரும்பாலும் கிடையாது. ஒரு நல்ல கைபேசியும் இரண்டு கல்லூரி மாணவிகளும் இருந்தால் ஒரு வாரத்தில் ஒரு பள்ளியின் பதிவேடுகளைப் படமெடுத்துவிடலாம். மடத்துத் தலைவியரும் மறைமாவட்ட அலுவலகங்களும் கட்டட ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த அலமாரியைத் திறக்க வேண்டும்.