கேசட்டின் மறுபக்கம்

விடுதியில் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே அறைத்தோழன் கேட்பான்: "மறுபடியும் அந்த இரைச்சலா?" அவன் சொன்னதில் தப்பில்லை. ரா ப்ளாக் மெட்டல் அப்படித்தான் இருக்கும். வீட்டிலேயே மலிவான கருவியில் பதிவுசெய்த கிடார், தூரத்தில் அலறும் குரல், விடாமல் அடிக்கும் டிரம்ஸ். மெருகை வேண்டுமென்றே தவிர்ப்பார்கள். என் அப்பா அடித்த பறையையும் ஊர்த்தெருவில் வெறும் சத்தம் என்றுதான் சொன்னார்கள். அதனால் 'இது இசையே இல்லை' என்று யாராவது ஒன்றைத் தள்ளினால், அதை ஒருமுறை கேட்டுவிடுவது என் வழக்கம்.

பெயர் தெரியாத குழுக்களை நான் கண்டுபிடித்தது பெரும்பாலும் ஸ்ப்ளிட் வழியாகத்தான். ஒரு கேசட்டையோ இசைத்தட்டையோ இரண்டு, மூன்று குழுக்கள் பங்கிட்டுக்கொள்வதுதான் ஸ்ப்ளிட். ஏ பக்கம் ஒருவர், பி பக்கம் இன்னொருவர். காசில்லாத குழுக்களுக்குச் செலவு குறையும். ஒருவரைத் தேடி வந்தவர் மற்றவரையும் கேட்பார். 1993இல் எம்பரர், என்ஸ்லேவ்ட் என்ற இரண்டு நார்வே குழுக்களை கேண்டில்லைட் நிறுவனம் இப்படி ஒரே வெளியீட்டில் சேர்த்தது. அன்று இரண்டுமே புதிய பெயர்கள். இன்று மெட்டல் கேட்பவர்களில் அவற்றை அறியாதவர் குறைவு.

எனக்கு இது சமபந்தி மாதிரி தோன்றியது. பெரியவர், சின்னவர் என்றில்லாமல் ஒரே வரிசையில் இலை.

கொஞ்ச நாள் கழித்துத்தான் பக்கத்து இலையில் யார் என்று பார்க்கத் தொடங்கினேன். எம்பரரின் அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர், 1992இல் லில்லெஹாமரில் தன்பாலீர்ப்பாளர் ஒருவரைக் குத்திக் கொன்றவர். 1994இல் தண்டனை பெற்றார். அதே 1994இல் வந்த டார்க்த்ரோன் குழுவின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' ஆல்பத்தின் முதல் பதிப்பில், பின்னட்டையிலேயே 'நார்வே ஆரிய ப்ளாக் மெட்டல்' என்று அச்சிட்டிருந்தார்கள். பிறகு வந்த பதிப்புகளில் நீக்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் பழைய அட்டையின் படத்தைப் பார்த்த இரவு நான் பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். ஆரியப் பெருமை பேசுகிறவர் கட்டும் ஏணியில் எனக்கு எந்தப் படி என்பது எனக்குத் தெரியும். வெளிப்படையாகவே நாஜி அரசியல் பேசும் குழுக்களும் இந்த இசையில் உண்டு. 'எங்களுக்கு அரசியல் இல்லை' என்று சொல்லும் குழு அவர்களோடு ஒரே கேசட்டில் வந்தால், அந்தக் கேசட்டே அதன் அரசியல்.

இந்த இசையையே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அப்போது கைக்கு வந்தது 'டெசர்ட் டான்சஸ் அண்ட் சர்ப்பன்ட் செர்மன்ஸ்' என்ற ஸ்ப்ளிட். தெற்குக் கலிபோர்னியாவின் நான்கு குழுக்கள்: வோலான், ஷாட்டான், அரிஸ்மெண்டா, கல்லத்தோன். வெளியிட்டதும் அவர்களுடைய வட்டத்தின் சொந்த நிறுவனமான க்ரெபூஸ்குலோ நெக்ரோதான். வோலானைத் தேடிப் போய் மற்ற மூவரையும் கேட்டேன். ஷாட்டான் இசையில் புல்லாங்குழல்கூட வருகிறது. ஸ்பானியப் படையெடுப்பு நசுக்கிய மாயா, ஆஸ்டெக் மக்களின் நினைவைத்தான் இந்த வட்டம் திரும்பத் திரும்ப எடுக்கிறது. அதே கரகரப்பு, அதே அலறல்தான். ஆனால் இங்கே அலறுவது யாருக்காக என்று கேட்டால் பதில் வேறு.

சமபந்தி மட்டும் சாதியை ஒழித்துவிடாது என்று 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதினார். சேர்ந்து உட்கார்ந்தால் போதாது, மனதில் இருக்கும் நம்பிக்கை உடைய வேண்டும் என்றார். ஒரே கேசட்டைப் பங்கிட்டதாலேயே யாரும் தோழராகிவிடுவதில்லை என்பதை நான் அந்த வாசிப்போடு சேர்த்தே புரிந்துகொண்டேன்.

தோழர்களே, 'இதெல்லாம் நம்ம இசையா?' என்று கேட்பவர்களுக்காக எதையும் கேட்காமல் விடாதீர்கள். புதிய ஸ்ப்ளிட் கிடைத்தால் இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். அட்டையைப் படியுங்கள். வெளியிட்டவர் வேறு யாரையெல்லாம் வெளியிட்டிருக்கிறார் என்று பாருங்கள். பிடித்திருந்து, மனம் ஒப்பினால், முடிந்த காசை அந்தக் குழுவுக்கே கொடுங்கள். ஒப்பாவிட்டால் நிறுத்திவிடுங்கள். அடுத்த கேசட் இருக்கிறது.