கூரையைத் தாங்குபவர்கள்

பர்பாங்க் நகரில் டிஸ்னி ஸ்டூடியோவின் தலைமை அலுவலகக் கூரையை ஏழு சித்திரக்குள்ளர்கள் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு பேர் வரிசையாக, ஏழாவது ஆள் மேலே முக்கோண முகப்பின் நடுவில். பெயர்தான் குள்ளர்கள், ஒவ்வொரு சிலையும் ஏறக்குறைய 19 அடி. 1937-இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ சம்பாதித்த பணத்தில்தான் இந்த வளாகத்துக்கு இடம் வாங்கினார்கள். கட்டடத்தைத் தூக்கி நிறுத்தியதே அந்தப் படம்தான் என்பதைச் சிலையாகவே வைத்துவிட்டார்கள்.

ஒரு போட்டோ எடுத்து என் அத்தை மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“இவனுங்களுக்காச்சும் சிலை வெச்சாங்களே மாப்ள.”

சென்னையில் அப்போது விடிகாலை மூன்று மணி. அவன் நைட் ஷிஃப்டில் இருந்தான்.

அவன் ரோட்டோ ஆர்ட்டிஸ்ட். திரையில் ஒருவர் ஓடுகிறார், அவருக்குப் பின்னால் ஒரு நகரம் இடிந்து விழ வேண்டும். அதற்கு முதலில் அந்த ஆளைப் பின்னணியிலிருந்து தனியாக வெட்டி எடுக்க வேண்டும். ஃப்ரேம் ஃப்ரேமாக அவருடைய உருவத்தின் விளிம்பில் கோடு போட வேண்டும். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். எட்டு நொடி ஷாட் என்றால் 192. விரல், காது, சட்டைக் காலர், காற்றில் பறக்கும் முடி. முடிதான் அவனுக்கு ஜென்ம விரோதி. “மொட்டை ஹீரோவா பாத்து படம் எடுக்க மாட்டானுங்களாடா” என்பான். ஹாலிவுட் படங்களின் இந்த வேலையில் கணிசமான பகுதி இந்தியாவுக்குத்தான் வருகிறது. சென்னையிலும் இதற்கென்றே அலுவலகங்கள் இருக்கின்றன.

நான் லாஸ் ஏஞ்சலஸ் போனது அந்தக் கோட்டைத் தானாகவே போடும் மென்பொருளை விற்க.

சரியாகச் சொன்னால், விற்க வந்தவர் எங்கள் சேல்ஸ் மேனேஜர். நான் டெமோ காட்ட வந்த எஞ்சினியர். ஒரு வாரத்தில் நாலு டெமோ. எங்கெங்கே என்று சொல்லக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சுற்றிப் பார்த்ததைச் சொல்லலாம். பாரமவுண்ட் வளாகத்தில் ஒரு கார் பார்க்கிங் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் முழுக்க, மேகங்களோடு வானம் வரையப்பட்ட பிரம்மாண்டமான சுவர். வேண்டுமென்றால் கார்களை அப்புறப்படுத்திவிட்டு அங்கே தண்ணீர் நிரப்புவார்கள். பார்க்கிங் கடலாகிவிடும். கல்வர் சிட்டியில் இன்று சோனி இருக்கும் இடம் அன்றைக்கு எம்ஜிஎம். 1939-இல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ எடுத்தது அங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் அரிசி குடோன் மாதிரி ஜன்னலில்லாத கொட்டகைகள்.

டெமோ நடந்த அறைகளிலும் ஜன்னல் கிடையாது. வாசலிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். இருட்டில் பெரிய திரை, நாலைந்து பேர், காபி. நான் ஒரு ஷாட்டை ஓடவிடுவேன். ஓடும் பெண்ணைச் சுற்றி பச்சைக் கோடு தானாக விழும். யாராவது “நைஸ்” என்பார்கள். பிறகு அந்தக் கேள்வி வரும். இது எத்தனை பேர் வேலையைச் செய்யும்?

அதற்கு ஸ்லைடு இருந்தது. அதில் இருந்த எண்ணைக் கணக்குப் போட்டவன் நான்தான்.

போன வருடம் வடபழனியில் ஒரு டீக்கடையில், வேகமாக ஆடும் கை கலங்கித் தெரியும்போது விளிம்பு எது என்று எப்படி முடிவு செய்வாய் என்று அவனிடம் கேட்டிருந்தேன். “சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்றேன். டிஷ்யூ பேப்பரில் படம் போட்டு அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். கலங்கலின் நடுவில் கோட்டைப் போடணும், ஓரத்தில் போடக்கூடாது, முந்தின ஃப்ரேமையும் அடுத்த ஃப்ரேமையும் பார்க்காம கையே வைக்கக்கூடாது. டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். எங்கள் மென்பொருளில் அந்தப் பகுதியை நான்தான் எழுதினேன்.

அன்று இரவு ஹோட்டலில் சேல்ஸ் மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. டிஸ்னியிலேயே நடந்த கதைதானே என்றார். ‘ஸ்னோ ஒயிட்’ காலத்தில் ஓவியர்களின் பென்சில் கோடுகளை செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுத்து வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள், நூற்றுக்கும் மேல். 1961-இல் ‘101 டால்மேஷியன்ஸ்’ வந்தபோது அந்தப் படியெடுக்கும் வேலையை ஜெராக்ஸ் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அத்தனை நாய்களின் அத்தனை புள்ளிகளையும் கையால் மையிட்டிருந்தால் அந்தப் படமே கட்டுப்படியாகியிருக்காது. 1990 வாக்கில் வண்ணம் தீட்டுவதும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. “படங்கள் நின்றுவிட்டனவா?” என்று கேட்டார்.

நிற்கவில்லை. அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ‘ஸ்னோ ஒயிட்’ டைட்டிலில் அந்தப் பெண்களின் பெயர் கிடையாது. கூரையைத் தாங்க அவர்கள் வரைந்த குள்ளர்கள்தான் போயிருக்கிறார்கள்.

அறைக்கு வந்து அவனைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். டீக்கடை, டிஷ்யூ பேப்பர், ஸ்லைடு, எல்லாம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.

“தெரியும் மாப்ள” என்றான். “இந்த மாதிரி ஒண்ண எங்க சூப்பர்வைசர் போன மாசமே காட்டிட்டாரு. யார் செஞ்சதோ. இனிமே நாங்க கோடு போட வேணாமாம், மெஷின் போட்டத சரி பார்த்தா போதுமாம். பத்துப் பேர் டீம்ல எத்தனை பேர் சரி பார்க்கணும்னு மட்டும் சொல்லல.”

“சாரிடா.”

“அத விடு. முடி வருதா?”

“பாதி வருது. வெளிச்சம் பின்னாடி இருந்தா சொதப்புது.”

சிரித்தான். “அப்ப எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.”

மறுநாள் கடைசி டெமோ. அதே கேள்வி வந்தது. அதே எண்ணைச் சொன்னேன். குரல் கம்மிவிட்டதென்றோ ஸ்லைடை நீக்கிவிட்டேன் என்றோ எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும், ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஊர் திரும்பி லேப்டாப்பைத் திறந்ததும், வாடிக்கையாளர்கள் சொன்ன குறைகளெல்லாம் டிக்கெட்டுகளாக வரிசையில் நின்றன. முதல் டிக்கெட் என் பெயரில்: பின்வெளிச்சத்தில் முடி விளிம்பு சரியாக வரவில்லை, அவசரம்.

மூன்று வாரமாக அது திறந்தே இருக்கிறது. எனக்குத் தெரிந்து அதைச் சரியாகச் சொல்லித்தரக்கூடிய ஆள் ஒருவன்தான். இந்த முறை டீக்கு நான்தான் காசு கொடுக்க வேண்டும். எதற்குக் கேட்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.