உள்ளங்கையில் ஒரு கண்ணன்

சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். 1997இல் ஸூரிச் நகர ஓவியர் வான்சி ஸ்டிர்னெமன் இந்த அளவில் படம் செய்து, ஓவியர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். விற்பது கிடையாது, கைமாற்றுதான். பின்பக்கம் செய்தவர் பெயர் இருக்கும். இதில் ஈடுபாடுள்ள தோழி ஒருத்தி, "தஞ்சாவூர்ல ஒரு அக்கா இந்த அளவுல தங்க ரேக்கு ஒட்டிப் பண்றாங்க, போய்ப் பாரு" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தஞ்சாவூர்ப் படம் என்றால் பூஜை அறைச் சுவரை நிறைக்கும் பலகை என்றே பழகிய கண்.

மேல வீதியிலிருந்து பிரியும் சந்தில் திண்ணை வைத்த வீடு. "வாங்க தம்பி, காத்தாடி போட முடியாது, ரேக்கு பறந்துரும்" என்றபடி பாயை விரித்தார் அக்கா. ஐம்பது வயதிருக்கும். மாமனார் பலகை தயார் செய்வாராம். பலகையில் துணி ஒட்டுவது, சுக்கான் மாவு பூசித் தேய்ப்பது எல்லாம் அவர் வேலை. வீட்டுக்காரர் படம் எழுதுவார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இவருக்கு மக்கு வேலை. "முகம் எழுதவோ கண் திறக்கவோ என்னை விட்டதே இல்ல. முப்பது வருஷம் மக்கு வச்சேன்." வீட்டுக்காரருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு பெரிய படங்கள் நின்றுபோயின. டப்பா நிறைய ரேக்குத் துண்டு மட்டும் மிஞ்சியது. பெரிய படங்களில் வெட்டிய மிச்சம், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. இருபத்திரண்டு காரட் தங்கம், குப்பையில் போட மனம் வருமா? அந்த டப்பாவிலிருந்து பிறந்தவைதான் இந்தச் சின்னக் கண்ணன் படங்கள்.

கோடு போடுவது, வண்ணம் கொடுப்பது பற்றி நான் விரிக்கப் போவதில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது மக்குதான். சுக்கான் மாவும் பசையும் குழைத்த கூழ் அது. நகை, தூண், திரைச்சீலை எங்கெல்லாம் புடைக்க வேண்டுமோ அங்கெல்லாம் தூரிகையால் வைத்து, காயவிட்டு, மேலே ரேக்கு ஒட்டுவார்கள். பலகை அசையாது, அதனால் மக்கும் அசையாது. அட்டை அப்படியில்லை. முதலில் படம் வரையும் தடித்த தாளில் வைத்தாராம். ஈரம் இழுத்து ஓலைச்சுருள் மாதிரி சுருண்டுவிட்டது. அட்டையில் வைத்தார், காய்ந்ததும் நட்டநடுவில் வெடிப்பு. பிறகு இரண்டு அட்டைக்கு நடுவே பழைய வேட்டித் துணியைப் பசையிட்டு ஒட்டி, அம்மிக்கல்லை ஏற்றி ஓர் இரவு வைத்தார். மாவை வேட்டித் துணியிலேயே சலித்தார். பசையைக் கொஞ்சம் கூட்டினார். ஒரே தடவையில் வைக்காமல் மெல்லிய பூச்சாக நான்கு தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. "வளைச்சுப் பாருங்க" என்று கையில் கொடுத்தார். வளைத்தேன். வெடிக்கவில்லை.

கல் பதிப்பதை விட்டுவிட்டார். எவ்வளவு பொடிக் கல் என்றாலும் இந்த அளவுக்குப் பாறாங்கல்தான். பதிலாக ஊசிமுனையில் மக்கைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைக்கிறார். ரேக்கு ஏறியதும் முத்துச்சரம் ஆகிவிடுகிறது. கண்ணனின் இடுப்புத் துணி மட்டும் நிஜப் பட்டு, கிழிந்த கூறைப்புடவையின் கரை. இது தஞ்சாவூர் முறையா என்று கேட்டேன். காரைக்குடியில் பழைய சாமான் கடையில் ரவிவர்மா அச்சுப் படத்துக்கு ஜரிகையும் ஜிகினாவும் வைத்து உடுத்தியிருந்ததைப் பார்த்தாராம். "அச்சுப் படத்துக்கே சேலை கட்டினாங்க, நாம கட்டக் கூடாதா?" செட்டிநாட்டு வீடுகளில் அப்படிப்பட்ட படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அக்கா சொன்னது நியாயம்.

ஒரு சீட்டு முடிய நான்கு நாள் ஆகிறது. கடைசி நாள் காலை வெளிச்சத்தில் கண் திறக்கிறார். அரிசி அளவு முகம், அதில் இரண்டு கண். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன்.

விலை பேசும்போதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. கடைக்காரர்கள் தஞ்சாவூர்ப் படத்தை அங்குலக் கணக்கில் வாங்குகிறார்கள். பலகை பெரிதானால் பணம் பெரிது. அந்தக் கணக்கில் இந்தச் சீட்டுக்குக் கிடைப்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அதையே கண்ணாடிச் சட்டத்தில் போட்டுப் பல மடங்குக்கு விற்கிறார்கள். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. சரபோஜி காலத்திலிருந்து பேர்போன கலை, புவிசார் குறியீடு பெற்ற கலை என்று பெட்டியில் அச்சடிக்கத் தெரிகிறது. நான்கு தடவை மக்கு வைத்த கைக்கு நான்கு நாள் கூலி கொடுக்கத் தெரியவில்லை. அளவு குறைந்தால் உழைப்பு குறையும் என்று யார் சொன்னது? இங்கே அளவு குறையக் குறைய உழைப்பு கூடுகிறது. ஒரு தடவை அந்தப் பாயில் உட்கார்ந்து பார்த்தவன் அங்குலக் கோலைத் தொட மாட்டான்.

கிளம்பும்போது இரண்டு கண்ணன் வாங்கினேன், நான்கு நாள் கூலி வீதம். பின்பக்கம் பெயர் எழுதித் தரச் சொன்னேன். அக்கா பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். தன் பெயரை எழுதிவிட்டு, அதன் கீழே வீட்டுக்காரர் பெயரையும் எழுதினார்.

கொலுவுக்கோ கல்யாணத் தாம்பூலத்துக்கோ இப்படி ஒரு படம் வாங்கப் போகிறவர்கள் கடையில் எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள். எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். திருப்பிப் பார்த்து, பெயர் இல்லையென்றால் எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள்.