சினை கேட்கும் நாக்கு

எனக்குச் சினை மீன் பிடிக்கும். பிடிக்கும் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் அதற்கு அடிமை. கசார்வாடியில் மீன் விற்கும் மாவ்ஷி, தூரத்தில் என் தலை தெரிந்ததும் "அண்ணா, காபோளி!" என்று, சினையின் மராத்திப் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்துவிடுவார். இங்கே தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் அண்ணாதான். வயிறு உப்பிய மீனாகப் பொறுக்கி, அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவேன்.

விவரம் தெரியாதவன் இதைச் செய்தால் போகட்டும் எனலாம். நான் தெரிந்தவன். முட்டையிட ஒன்றுகூடும் மீன்கள் எழுப்பும் ஒலிகளை மொபைலில் சேர்த்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறவன். கரீபியன் பவளப்பாறைகளில் நசாவ் களவா குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி ஆண்டுதோறும் ஒரே இடத்தில் கூடும். காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து அது எழுப்பும் சத்தம், அடித்தொண்டையில் யாரோ உறுமுவது போலிருக்கும். இடமும் நாளும் மாறாததால் பிடிப்பவர்களுக்கு வேலை சுலபம். இப்படி அழிந்துபோன கூட்டங்கள் பல. நம் லட்சத்தீவின் பித்ராவிலும் களவாக் கூட்டம் உண்டு. 2011 கணக்கெடுப்பில் 271 பேரே இருந்த அந்தத் தீவின் பாறைச் சரிவில், அமாவாசையை ஒட்டிச் சில நாட்கள் மீன்கள் நெருக்கியடித்துக் கூடுகின்றன. இதையெல்லாம் கண்கள் விரியச் சொல்லிவிட்டுக் களவா வாங்கப் போவேன்.

கோல் மீன் விஷயத்தில் இன்னும் மோசம். நம்மூர்க் கத்தாளை இனம்தான். கத்தாளைகளுக்கும் காற்றுப்பைதான் குரல். இணை தேடும் பருவத்தில் அதை வைத்துத்தான் கத்துகின்றன. 2021 ஆகஸ்டில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த பின், பால்கர் மாவட்டத்து முர்பே படகு ஒன்றில் 157 கோல் மீன்கள் சிக்கி, 1.33 கோடி ரூபாய்க்குப் போயின. விலை சதைக்கு அல்ல, அந்தக் காற்றுப்பைக்கு. மீனவருக்கு வந்த யோகத்தில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கடலில் உயிரைப் பணயம் வைப்பவர் அவர். நானோ செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லாட்டரி அடித்தது போல அனுப்பிக் கொண்டாடினேன். அத்தனை மீன் ஏன் ஓரிடத்தில் இருந்தது என்ற கேள்வி எனக்கே உடனே எழுந்தது. அதை மட்டும் எழுதவில்லை.

சாக்குகள் கைவசம் நிறைய. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை 61 நாள் தடை இருக்கிறதே என்பேன். களவாக்கள் அந்த நாட்காட்டியைப் பார்த்துக் கூடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். செத்து ஐஸில் கிடக்கும் மீனை நான் வாங்காவிட்டால் அடுத்தவர் வாங்குவார் என்பேன். ஆனால் சினைக்கென்று கூடுதல் காசு கொடுத்து, அடுத்த வாரமும் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வருபவன் நான்தான். அந்த முட்டை கடலில் விழாமல் என் வாணலியில் விழுகிறது. இதற்குச் சாக்கு கிடைக்கவில்லை.

போன மாதம் வறுத்த சினையைத் தட்டில் வைத்தபடி மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்த மீன் சத்தத்தையும் போட்டுவிட்டுச் சாப்பிடுங்களேன்."

சிரித்து மழுப்பினேன். மொபைலை எடுக்கவில்லை, இன்னும் ஒரு துண்டு வைக்கச் சொன்னேன்.