அம்மாவுக்கு ஒரு முதுகுப் பை

போன வருடம் கொடைக்கானல் மலைப்பாதையில் பாதியிலேயே திரும்பிவிட்டார் அந்த அம்மா. வயது 54. கால் வலிக்கவில்லை, தோள்தான் விட்டுப்போனது. முதுகில் இருந்தது மகனின் பழைய பை.

இந்த முறை உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு. புல்னாவிலிருந்து கங்காரியா வரை மட்டுமே சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். “பையைக் குதிரையில ஏத்திவிட்டுடலாம்மா” என்றான் மகன். “என் துணியை நானே சுமந்துக்கிறேன்டா” என்று கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கடைப் பெண் முதலில் பையையே காட்டவில்லை. தலையைக் குனியச் சொல்லி, பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்மட்டம் வரை டேப் வைத்து அளந்தார். “41 சென்டிமீட்டர்தான் வருதும்மா. உங்க பையனோட பை உங்க முதுகுக்கு நீளம். இடுப்புப் பட்டை கீழே இறங்கிடும். கனமெல்லாம் தோளுக்கு வந்துடும்.”

ஒரு 40 லிட்டர் பையில் 7 கிலோ எடை போட்டு மாட்டிவிட்டார். முதலில் இடுப்புப் பட்டை, பிறகு தோள் வார், கடைசியில் நெஞ்சு வார். பலரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். கடைக்குள்ளேயே 20 நிமிடம் நடந்தார், மாடிப்படி ஏறி இறங்கினார். தோள் வாருக்கு அடியில் விரல் தாராளமாக நுழைந்தது.

நிறம்தான் பிடிக்கவில்லை, பளீர் ஆரஞ்சு. இருந்தும் பில் போடச் சொன்னார்.

“என் பழைய பை?” என்றான் மகன்.

“காய்கறி வாங்க ஆச்சு.”